கோரைமுனையில் சொல்லக்கூடாத வாக்கியம்

கோரைமுனைக்கு வந்த அத்தனை பேரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்; சென்னையிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள், பெங்களூரிலிருந்து வந்தவர்கள் அதையே பாதி ஆங்கிலத்தில் சொன்னார்கள், மதுரையிலிருந்து வேன் பிடித்து வந்து கடற்கரை முழுக்க எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலத்தை எறிந்துவிட்டுப் போனவர்களும் சொன்னார்கள்; கலங்கரை விளக்கத்தின் நூற்று நாற்பத்திரண்டு படிகளை மூச்சிரைக்க ஏறி முடித்து, இடுப்பில் கைவைத்து, கடலை ஒரு தரம், காயலை ஒரு தரம், உப்பளத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, உலகத்திலேயே தங்களுக்கு மட்டும் தோன்றிய எண்ணம்போல, "பேசாம இங்கேயே இருந்துடலாம்போல இருக்கு" என்று சொன்னார்கள்.

அந்த வாக்கியத்தைப் பதினோரு வருடமாக ஒரு நாளைக்கு நான்கு தரமாவது கேட்டுக்கொண்டிருந்தவள் பிரகாசி. வந்தவர்களை ஆட்டோவில் ஏற்றி ஐந்து இடங்களைச் சுற்றிக் காட்டுவது அவள் பிழைப்பு. ஐந்தையும் அவள் மனதார இளக்காரமாக நினைத்தாள். கலங்கரை விளக்கம் என்பது மேலே ஒரு பல்பு, கீழே ஒரு பூட்டு. டச்சுக்காரர் கல்லறை என்பது ஆடு படுத்துக்கிடக்கும் மூன்று மேடை; அதில் சின்ன மேடை ஒரு தளபதியின் குதிரைக்குக் கட்டியது என்று அவளே ஒரு மதியம் அலுப்பில் அவிழ்த்துவிட்ட கதையை இப்போது பள்ளிக்கூடத்தில்கூடச் சொல்லிக்கொடுத்தார்கள். செம்மணல் தேரி வெறும் மணல். உப்பளத்தில் பெண்கள் கால் வெந்து உப்பு வாரிக்கொண்டிருக்க, வந்தவர்கள் அவர்களைக் கொஞ்சம் விலகி நிற்கச் சொல்லிவிட்டு வெள்ளைக் குவியலுக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டார்கள். ஐந்தாவது காயல். அதில் நிற்கும் பூநாரைகளை மட்டும் பிரகாசிக்குக் கொஞ்சம் பிடிக்கும், அவையும் யாரையும் மதிக்காமல் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதால்.

ஊர்க்காரர்களையும் அவள் விட்டுவைக்கவில்லை. மதியம் ஒரு மணிக்கு அடைத்த கடை நான்கு மணிக்குத்தான் திறக்கும். அதுவரை கோரைமுனையில் நாய் குரைக்காது, தபால் வராது, சாகக் கிடப்பவர்கூடக் கொஞ்சம் பொறுத்துக்கொள்வார். வந்தவர்கள் இதை அமைதி என்றார்கள். பிரகாசி சோம்பல் என்றாள். யாரிடமும் கோபப்படத் தெரியாத, யார் வந்தாலும் "வாங்க, இருங்க, சாப்பிடுங்க" என்று இளித்துக்கொண்டு நிற்கிற அந்த ஊரில், எரிச்சல் என்று ஒன்று இருந்தால் அது முழுவதும் சந்தியாகப்பர் கோயில் தெருவில் அவளுடைய ஓட்டு வீட்டில்தான் இருந்தது. அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. புருஷன் கஸ்பார் பஹ்ரைனுக்குப் படகு வேலைக்குப் போய் ஆறு வருடமாகியிருந்தது. வாரம் ஒருதரம் வந்த போன் மாதம் ஒருதரமாகி, கிறிஸ்துமஸுக்கு மட்டுமாகி, பிறகு அதுவும் நின்றுபோயிருந்தது.

பொங்கல் கழிந்த செவ்வாய்க்கிழமை, கோகுல்நாத் என்கிற சென்னைக்காரன் தன்னந்தனியாகக் காரில் வந்து, ஐந்து இடத்தையும் பார்த்து, கலங்கரை விளக்கத்தின் உச்சியில் நின்று அந்த வாக்கியத்தைச் சொன்னான். புதன்கிழமை காலையில் கிளம்பிப் போனான். பதினொரு மணிக்கு அதே கார் டீக்கடை பர்னபாஸ் அண்ணாச்சியின் வாசலில் வந்து நின்றது.

"என்னத்த மறந்து வச்சிட்டுப் போனிய?" என்று கேட்டார் பர்னபாஸ்.

உப்பளத்தைத் தாண்டினேன், பாலத்தைத் தாண்டினேன், 'நன்றி, மீண்டும் வருக' என்று எழுதிய வளைவைத் தாண்டினேன், நேராகத்தான் ஓட்டினேன், எதிரே பார்த்தால் உங்கள் கலங்கரை விளக்கம் நிற்கிறது என்றான் கோகுல்நாத். டீ குடித்துவிட்டு மறுபடி போனான். மறுபடி வந்தான். ஏழாவது தரம் பெட்ரோல் தீர்ந்து காரைத் தள்ளிக்கொண்டு வந்தபோது, பர்னபாஸ் அவனுக்கு ஒரு முக்காலியை எடுத்துப் போட்டு, "நீங்கதான இருந்திரலாம்போல இருக்குன்னு சொன்னிய? அப்ப இருங்க. அதுக்கென்ன" என்றார். தெருவில் நின்றவர்கள் அதுதானே என்று தலையாட்டிவிட்டு, மணி ஒன்றாகிவிட்டபடியால் தூங்கப் போனார்கள்.

அடுத்த வாரம் பெங்களூரிலிருந்து வந்த புதுத் தம்பதி மாட்டிக்கொண்டது. அதற்கடுத்து மதுரை ஆடிட்டர் ஒருவர், யோகா சொல்லிக்கொடுக்கும் ஷாலினி என்கிற பெண், மீனவர் வாழ்க்கையைப் பற்றிக் கவிதை எழுத வந்த ஒரு கவிஞர். பஸ்ஸில் போனவர்கள் கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்தால் கையில் பையோடு கோரைமுனை பஸ் ஸ்டாப்பில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து சீட்டில் இருந்தவர் பத்திரமாகத் திருச்செந்தூர் போய்ச் சேர்ந்தார். நடந்து போனவர்கள் நடந்து வந்தார்கள். படகில் போனவர்கள் ஈரத்தோடு வந்தார்கள். ஊர்க்காரர்களுக்கு எந்தத் தடங்கலும் இல்லை; தூத்துக்குடி போனார்கள், வந்தார்கள். கோரைமுனையில் பிறந்த எவரும் அந்த வாக்கியத்தை ஆயுளில் ஒருதரம்கூடச் சொன்னதில்லை.

விஷயம் பரவி, வருகிறவர்கள் நாக்கைக் கடித்துக்கொண்டும், தவக்காலம் தொடங்கும்போது முப்பத்தொரு பேர் ஆகியிருந்தார்கள். கோயில் மண்டபத்தில் பாய் விரித்துக் கொடுத்தார்கள். சும்மா இருந்து சாப்பிட யாருக்கும் வழியில்லையே, அதனால் ஆடிட்டரை மீன் ஏலம் விடும் இடத்தில் மீன் ஆய உட்காரவைத்தார்கள். அவர் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு ஒரு ஊளி மீனை அரைநாள் ஆய்ந்தார். சூரிய உதயத்தைப் பார்த்துக் கண்ணீர் விட்ட ஷாலினி, அதே சூரியன் உதிக்கும் நேரத்தில் குடத்தோடு தண்ணீர்க் குழாயில் நின்றாள். கவிஞர் வலை சிக்கெடுத்தார், அல்லது வலை அவரைச் சிக்கெடுத்தது. "காத்து நல்லாருக்குன்னு சொன்னியல்லா, நல்லா வாங்குங்க" என்று பெண்கள் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனார்கள். பங்குச்சாமியார் பிரசங்கத்தில், நாவினால் வரும் கேடு பற்றி மூன்று ஞாயிறு பேசினார். பஞ்சாயத்து தன் பங்குக்குப் பாலத்தருகே ஒரு போர்டு வைத்தது: 'சுற்றுலாப் பயணிகள் ஊரைப் புகழும்போது சொற்களில் கவனம் தேவை.' அதைப் படித்துவிட்டுக் கூட்டம் முன்னைவிட அதிகமாக வந்தது. வந்தவர்களை ஊர்க்காரர்களைவிட அதிகமாக இகழ்ந்தவர்கள் அந்த முப்பத்தொரு பேர்தான். "டூரிஸ்ட்டுங்க வந்தாலே குப்பை" என்று கோகுல்நாத் சொல்லிக் கேட்டபோது பிரகாசிக்குச் சிரிப்புகூட வரவில்லை.

பங்குனியில் சென்னிமலையிலிருந்து ஒரு வேன் வந்தது. திருச்செந்தூரில் முருகனைப் பார்த்துவிட்டுக் கடலையும் பார்த்துவிடலாம் என்று வந்த இருபது பெண்கள். போர்டைப் படித்திருந்ததால் எல்லோரும் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு படியேறினார்கள். அவர்களில் குணவதி என்கிறவள் மட்டும் முழங்கால் வலியென்று ஏறவில்லை. ஐம்பத்தாறு வயது, தறிப்பட்டறை வைத்திருந்தவரின் மனைவி, அவர் போனபின் பட்டறையைத் தானே ஓட்டுகிறவள், முப்பது வருடமாகத் தறிச்சத்தத்தில் கத்திக் கத்திப் பேசியே பழகியவள். பிரகாசியின் ஆட்டோவில் பின்சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்தாள். வேப்பமரத்து நிழல். கடல்காற்று ஒருமுறை வந்து முகத்தைத் தொட்டது. குணவதியின் கண் சொருகியது, உதடு பிரிந்தது, அடுத்து என்ன வரப்போகிறது என்று பிரகாசிக்கு நன்றாகத் தெரிந்தது. ஒரு செருமல் போதும், ஹாரனை ஒருதரம் அமுக்கினால் போதும், தடுத்திருக்கலாம். சொல்லட்டும், இவளும் ஒரு குடம் தூக்கிப் பார்க்கட்டும் என்று பேசாமல் இருந்தாள்.

"இப்பிடியே இங்கயே இருந்துக்கலாம்போல இருக்குதுங், அம்மிணி" என்றாள் குணவதி.

வேன் இருபது பெண்களோடு போய் பத்தொன்பது பெண்களோடு சென்னிமலை சேர்ந்தது. மண்டபத்தில் இடமில்லை. சாமியார் பிரகாசியைப் பார்த்தார். பிரகாசி வானத்தைப் பார்த்தாள். பிறகு, "சவம், எங்கூட வந்து கெடக்கட்டும்" என்று பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

அப்போதுதான் குணவதி சொன்னாள்: மகள் தமயந்திக்கு ஏழாம் மாதம், தலைப்பிரசவம், தாய்வீட்டில்தான் நடக்கவேண்டும், மாப்பிள்ளை துபாயில், மகளுக்கு வேறு யாருமில்லை.

"மகள இங்க வரச் சொல்லுங்க" என்றாள் பிரகாசி.

"வந்தா அவளும் அதையேதான் சொல்லுவா. என்ர வயித்துல பொறந்தவ. உக்காரக் கொஞ்சம் நெழலு கெடைச்சாப் போதும், சொல்லிப்போடுவா."

ஒரே வீட்டுக்குள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் இகழ்ந்துகொண்டு வாழ்ந்தார்கள். தண்ணீர் உப்பு, அரிசி மொத்தை, தெருவெல்லாம் கவுச்சி, ஆம்பளைகள் பட்டப்பகலில் குறட்டை, இதுவும் ஒரு ஊரா என்றாள் குணவதி, பிரகாசி இத்தனை வருடம் நினைத்ததையெல்லாம் வேறொருத்தி உரக்கச் சொல்லக் கேட்டு எரிச்சல்பட்டு, "உங்க ஊர்ல மட்டும் என்ன, பன்னீரா ஓடுது?" என்றாள். குணவதி அரிசிம்பருப்புச் சோறு ஆக்கினாள். "இதென்ன, காய்ச்சக்காரிக்குக் குடுக்கிற கஞ்சி" என்று சொல்லிவிட்டுப் பிரகாசி மூன்றாம்முறை போட்டுக்கொண்டாள். வீட்டில் இருக்கப் பிடிக்காமல் குணவதி ஆட்டோவில் முன்பக்கம் ஒட்டி உட்கார்ந்து வர ஆரம்பித்தாள். ஒருநாள் உப்பளத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு குடும்பம், உப்பு வாரும் பெண்களைப் பார்த்துக் கையை அசைத்து விலகச் சொன்னது. குணவதி தறிச்சத்தத்துக்கு மேலே எழுப்பிய அந்தக் குரலில், "ஏனுங், வேல செய்யற பொம்பளைக நவுரோணுமா? நீங்க நவுருங். உங்க மூஞ்சிக்குப் பின்னால உப்பு எதுக்குங், அது கெட்டுப்போகாது?" என்றாள். உப்பளப் பெண்கள் கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். பதினோரு வருடமாக அதே இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு வாயைத் திறக்காமல் நின்ற பிரகாசி, அன்று வீட்டுக்கு வரும்போது சீட்டில் இன்னும் கொஞ்சம் ஒதுங்கி உட்கார்ந்து குணவதிக்கு இடம் கொடுத்தாள்.

அதன்பிறகு ஒரு மதியம், ஊர் தூங்கிக்கொண்டிருந்தபோது, யாரிடமும் சொல்லாததைப் பிரகாசி குணவதியிடம் சொன்னாள். கஸ்பார் புறப்பட்ட அன்று வாசலில் பெட்டியோடு நின்றான். "நான் போறேன்" என்றான். அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல் "சரி" என்றாள். "கொஞ்சம் நின்னு பாத்துக்கிட்டிருந்தான், யக்கா. நெழல் தெரிஞ்சது. நான் தலையத் தூக்கல." குணவதி எழுந்துபோனாள். எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வந்து, அவளைத் திருப்பி உட்காரவைத்து, தலையில் வைத்துச் சூடு பறக்கத் தேய்த்தாள்.

சித்திரை மாதத்தில் அந்த முடிச்சு தற்செயலாக அவிழ்ந்தது. கோகுல்நாத் ஒருநாள் பிரகாசியின் ஆட்டோவில் ஏறி, அவள் ஏற்றிவந்த ஆட்களுக்குக் கல்லறையைப் பற்றித் தானே விளக்கம் சொல்லி, குதிரைக்கதையையும் சொல்லி முடித்து, பிறகு அவள் பக்கம் திரும்பி, "உங்களுக்கெல்லாம் இந்த ஊரோட அருமை தெரியலக்கா" என்றான். பிரகாசி உப்பளத்து நடுவில் வண்டியை நிறுத்தினாள்.

"எறங்கும்வே. எனக்கு அருமை சொல்லித் தாரீரோ? நாலு மாசமா இந்த ஊர் சோத்தத் தின்னீரு, ஒரு ஆளு பேராவது உமக்குத் தெரியுமா? போம். எங்கயும் போய்த் தொலையும். இந்த மூஞ்சிய இனி நான் பாக்கக்கூடாது."

கோகுல்நாத் முகம் சிவக்க இறங்கி, விறுவிறுவென்று நடந்தான். கோபத்தில் பாலத்தைத் தாண்டினான், வளைவைத் தாண்டினான், நடந்துகொண்டே இருந்தான். சாயங்காலம் திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து பர்னபாஸுக்குப் போன் போட்டு அழுதான்.

பர்னபாஸ் டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தார். "நாம இதுவரைக்கும் எல்லாரையும் எப்படி அனுப்புனோம்? 'போயிட்டு வாங்க'ன்னு. வாங்கன்னு சொன்னா வரத்தான செய்வாவ?" என்றார். உடனே வளைவில் இருந்த 'மீண்டும் வருக'வைச் சுண்ணாம்படித்து அழித்தார்கள். சாமியார் ஆடிட்டரைக் கூப்பிட்டு, "போங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினார். சொல்லும்போது அவர் கண்ணில் இரக்கம் இருந்தது. ஆடிட்டர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டார். பஞ்சாயத்துத் தலைவர் "போம்வே" என்று அதட்டிப் பார்த்தார், அதட்டிவிட்டு, "மனசுல வச்சிக்கிடாதிய" என்று முதுகைத் தடவினார், அதுவும் ஆகவில்லை. அடிவயிற்றிலிருந்து வரும் இளக்காரம் வேண்டியிருந்தது. அந்தச் சரக்கு ஊரில் ஒரே ஒருத்தியிடம்தான் இருந்தது.

ஞாயிறு பூசை முடிந்ததும், பஸ் ஸ்டாப் பூவரச மரத்தடியில் கவிழ்த்த மீன்பெட்டிமேல் பிரகாசி உட்கார்ந்தாள். முப்பது பேரும் பையும் கையுமாக வரிசையில் நின்றார்கள். அவளுக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை. "மீனைக் கையால தொட அருவருப்பு, வாயால திங்க மட்டும் ருசியோ? போம்" என்றாள் ஆடிட்டரிடம். "ரெண்டு பேரும் ஒரு நாளாவது கடலப் பாத்தியளா? போன்ல உங்க மூஞ்சியத்தான பாத்திய? போங்க" என்றாள் புதுத் தம்பதியிடம். கவிஞரை நெடுநேரம் பார்த்தாள். "எங்க வீட்டு ஆம்பளைக கடல்ல செத்தா உமக்குப் பாட்டு வருதோ? தூ. போம்." கவிஞர் அதைக் குறித்துக்கொள்ளப் பேனாவை எடுத்தார், அவர்தான் எல்லோரையும்விட வேகமாக ஊர்போய்ச் சேர்ந்தார். சிலர் அழுதுகொண்டே பஸ் ஏறினார்கள், சிலர் நன்றி சொல்ல வந்தார்கள். "நன்றி கின்றின்னு வராதிய. எனக்குச் சிரிப்பு வந்துட்டா நீங்க திரும்பி வந்துருவிய" என்று விரட்டினாள்.

அது உண்மையென்று ஷாலினி விஷயத்தில் தெரிந்தது. ஊர்போன ஷாலினி, ஆட்டோ ஓட்டும்போது பிரகாசி இடுப்பைப் பிடித்துக்கொள்வதைக் கவனித்திருந்தாள் போலிருக்கிறது. முதுகுக்கு வைக்க ஒரு திண்டு வாங்கிப் பார்சலில் அனுப்பினாள். பிரகாசி அதில் சாய்ந்து பார்த்து, "நல்ல புள்ளதான் பாவம்" என்று தன்னையறியாமல் சொன்னாள். மறுநாள் பத்தேகால் பஸ்ஸிலிருந்து, வாயில் பல்தேய்க்கும் பிரஷ்ஷோடும் ஒற்றைச் செருப்போடும் ஷாலினி இறங்கி நின்றாள். பிரகாசி திண்டைத் தெருவில் எறிந்து மிதித்து, வாய்க்கு வந்தபடி பேசி, அவளை மறுபடி அனுப்பவேண்டியதாயிற்று. அனுப்பினால் மட்டும் போதாது, போனவர்மேல் வைத்த இளக்காரம் அப்படியே இருக்கவேண்டும் என்று ஊர் அன்று புரிந்துகொண்டது.

கடைசியில் குணவதி மட்டும் மிஞ்சினாள்.

திங்கட்கிழமை பிரகாசி அவளைப் பஸ் ஸ்டாப்புக்குக் கூட்டிவந்து, "போ" என்றாள். பத்தேகாலுக்குப் போனவள் பன்னிரண்டரைக்கு இறங்கினாள். செவ்வாய்க்கிழமை, "போ மூதி" என்றாள். பன்னிரண்டரைக்கு இறங்கினாள். புதன்கிழமை தண்ணீர் உப்பு என்று சொன்னதையும் தெருவைக் கவுச்சி என்று சொன்னதையும் ஒவ்வொன்றாக நினைவுபடுத்திக்கொண்டு திட்டிப் பார்த்தாள். பாதியிலேயே அரிசிம்பருப்பு வாசனை மூக்கில் ஏறியது. உலகத்தில் எதைப் பார்த்தாலும் உதட்டைச் சுழிக்கத் தெரிந்த பிரகாசிக்கு, இந்தப் பொம்பளையிடம் சுழிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. ஒன்பது நாள் அனுப்பினாள். ஒன்பது நாளும் குணவதி பையோடு இறங்கி, வீட்டுக்கு நடந்து, உலை வைத்தாள்.

பத்தாம் நாள் காலை தமயந்தி போன் செய்தாள். ரத்த அழுத்தம் கூடிவிட்டதாம், நாளையே வயிற்றைக் கிழித்து எடுக்கவேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்கிறாராம். "நீ எப்பம்மா வருவ?" தான் இன்னும் கிளம்பவில்லை என்பது மகளுக்குத் தெரியாமலிருக்க, கடல் இரைச்சல் கேட்காதபடி குணவதி போனைக் கையால் மூடி மூடிப் பேசினாள். பேசி முடித்து அடுக்களைக்குள் போய் அரைமணி நேரம் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு தலைசீவி, பையை எடுத்துக்கொண்டு, பிரகாசிக்கு முன்னால் நடந்தாள்.

பஸ் ஸ்டாப்பில் நல்ல கூட்டம். உப்பளப் பெண்கள், பர்னபாஸ், மீன்கூடைக்காரிகள். பஸ் வந்து நின்றது. பிரகாசி வாயைத் திறக்கும் முன் குணவதி திரும்பினாள்.

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் சொல்றேன், கேட்டுக்க. உன்ர புருசன் எதுக்கு ஓடிப்போனான்னு ரெண்டு மாசமா உன்ர வூட்ல இருந்து நல்லாத் தெரிஞ்சுக்கிட்டேன்."

"யக்கா..." என்றாள் பிரகாசி.

"அக்காவாவது ஆட்டுக்குட்டியாவது. பெட்டியத் தூக்கிக்கிட்டு வாசல்ல நின்னவனைத் தலை தூக்கிப் பாக்காம மீன் ஆய்ஞ்சவதான நீ? கேளுங்க எல்லாரும். 'போறேன்'னவனுக்கு 'சரி'ன்னவ. எவன் திரும்பி வருவான் இவகிட்ட? அந்த நாத்தம் புடிச்ச கையில சோறு திங்கறதுக்கு அவன் கடல்லயே கெடக்கலாம்னு போயிட்டான்."

பூவரச மரத்தடியில் மீன்கூடைக்காரிகள் கூடையை இறக்கிவைத்தார்கள். பஸ் டிரைவர்கூட என்ஜினை அணைத்துவிட்டார். பிரகாசிக்குக் கத்தத் தோன்றவில்லை; இத்தனை வருடமாக வந்து போன அத்தனை பேரையும் சேர்த்துவைத்துப் பார்த்தாலும் இவ்வளவு அற்பமான ஒருத்தியை அவள் பார்த்ததில்லை. மேலும் கீழும் ஒருதரம் பார்த்தாள்.

"இம்புட்டுத்தானா நீ?" என்றாள். "போ."

குணவதி ஏறினாள். சீட்டில் உட்கார்ந்தவள் இந்தப்பக்கம் திரும்பவில்லை. பஸ் போனது.

பன்னிரண்டரை பஸ்ஸில் அவள் இல்லை. இரண்டரை பஸ்ஸைப் பார்க்க, கோரைமுனை சரித்திரத்தில் முதன்முறையாக ஊரே தூங்காமல் மரத்தடியில் நின்றது. அதிலும் இல்லை.

பிரகாசி வீட்டுக்கு வந்தாள். அடுக்களையில் பெரிய பாத்திரம் மூடியிருந்தது. திறந்தாள். அரிசிம்பருப்புச் சோறு; இரண்டு வேளைக்குக் காணும். பக்கத்துக் கிண்ணத்தில் நெய். போன் வந்தபின், தலைசீவும் முன், பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தாளே, அந்த நேரத்தில் ஆக்கியது. சோற்றின் அடியில் இன்னும் இளஞ்சூடு இருந்தது. ஏதோ ஒன்று மெல்ல விளங்கிக்கொண்டு வந்தது. அது முழுக்க விளங்கிவிடுவதற்குள் பிரகாசி பாத்திரத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்கு ஓடி, காக்கைகளுக்கு மொத்தத்தையும் கவிழ்த்துக் கொட்டினாள். "நாசமாப் போனவ" என்றாள். "நன்றி கெட்ட மூதி. அவ சோறும் அவளும்." சொல்லிக்கொண்டே, அடியில் ஒட்டியிருந்ததையும் சுரண்டிப் போட்டாள்.

மறுநாள் மதியம் அவள் போன் அடித்தது. குணவதி. பிரகாசி எடுக்கவில்லை. எடுத்தால் அந்தக் குரல் ஏதாவது சொல்லும். சொன்னால் மனசு இளகும். இளகினால், பச்சைப்பிள்ளையைக் கையில் வைத்திருக்கிறவள் நாளைக் காலையில் பையோடு பூவரச மரத்தடியில் இறங்கி நிற்பாள். போன் ஓய்ந்தது. கொஞ்சநேரத்தில் டீக்கடையில் பர்னபாஸின் போன் அடித்தது.

"பொம்பளப் புள்ளயாம்" என்று வந்து சொன்னார் பர்னபாஸ். "தாயும் புள்ளயும் சொகமாம்."

"எனக்கென்ன வந்தது? அவ குடும்பத்துக்கு வேற என்ன வேலை" என்றாள் பிரகாசி. துடைத்து முடித்த ஆட்டோக் கண்ணாடியையே அவள் மறுபடி துடைப்பதைப் பர்னபாஸ் பார்த்தார். யாரிடமும் கோபப்படத் தெரியாத அந்த மனிதர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஆமா, அவளும் ஒரு பொம்பளையா? எங்க கடை டீயக் கழனித்தண்ணின்னு சொன்னவல்லா" என்றார்.

அன்றிலிருந்து கோரைமுனை குணவதியை இகழ ஆரம்பித்தது. நான்கு மணிக்குக் கடை திறந்ததும் முதல் பேச்சு அவளைப் பற்றித்தான். பழக்கமில்லாத ஊர், முதலில் திக்கித் திணறிற்று. ஒருவர் அவளுடைய நடையைக் குறை சொன்னார், ஒருவர் அவள் குரலை. உப்பளப் பெண்கள் எல்லோரையும்விட உரக்கப் பேசினார்கள்; வாயாடி, அடங்காப்பிடாரி, அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கிறவள் என்று கூடையை இறக்கிவைத்துவிட்டுப் பேசினார்கள், பேசும்போது முந்தானையால் கண்ணையும் துடைத்துக்கொண்டார்கள், உப்பு பட்டுவிட்டது என்றார்கள். சாமியார் பேர் சொல்லாமல் பிரசங்கத்தில் இரண்டு வார்த்தை வைத்தார். குழந்தைக்குப் பேர் வைத்த செய்தி வந்தபோது, பேர்கூட நன்றாக இல்லை என்று ஊரே சொன்னது. பிரகாசி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பாள். எங்கேயாவது ஒரு சொல் மெதுவாகிவிட்டால், தானே கடுமையாக ஒன்றைச் சேர்த்துவிட்டு எழுந்து போவாள்.

போன் மட்டும் வாரம் ஒருதரம் வந்துகொண்டிருந்தது. ஒருநாள் தேரிக்குப் போகிற வழியில், திருச்சியிலிருந்து வந்த ஒரு குடும்பம் வண்டியில் இருந்தபோது அடித்தது. பிரகாசி பேரைப் பார்த்தாள். வண்டியை ஓரங்கட்டி, போனை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எடுக்கலையாம்மா?" என்று கேட்டார் பின்னாலிருந்தவர்.

"யாரோ ஒரு பொம்பள. ஆகாதவ" என்றாள் பிரகாசி. உதட்டை நன்றாகச் சுழித்துக்கொண்டு, என்ஜினையும் அணைத்துவிட்டு, கடைசி மணி ஓயும்வரை அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.